கல்வெட்டு வைக்க முடியாத வேலைங்க

மதுரை மாவட்டத்துல உசிலம்பட்டி, சேடப்பட்டி, செல்லம்பட்டி பக்கம் ஒரு சின்ன தொண்டு நிறுவனத்துல ரொம்ப வருஷம் ஃபீல்டு வேலை பாத்தேன். எலக்‌ஷன் வருதுன்னா எங்க ஆபீஸ்ல ஒரு வேலை குடுப்பாங்க. ஊர் ஊரா போயி என்ன தேவைன்னு கேட்டு எழுதி, தொகுதிக்கு ஒரு பட்டியலா டைப் பண்ணி, நிக்கிற எல்லா கட்சிக்காரங்க கையிலயும் குடுத்துட்டு வரணும். கேக்க சுலபமாத்தான் இருக்கும். ஆனா உங்க ஊருக்கு என்ன வேணும்னு எந்த இடத்துல நின்னு கேக்குறோம், எந்த மாசம் கேக்குறோம், யாரு வாயில இருந்து பதில் வருதுங்கிறதுல பட்டியலே தலைகீழா மாறிப்போகும்.

ஊர்ப் பொது இடமான மந்தையில, சாவடித் திண்ணையில வச்சு கேட்டீங்கன்னா பட்டியல் ஏறக்குறைய எல்லா ஊருக்கும் ஒண்ணுதான். ஹைமாஸ் லைட்டு, சமுதாயக்கூடம், நாடகமேடை, பஸ் ஸ்டாப்புக்கு நிழற்குடை, தெருவுக்கு பேவர் பிளாக், ஊர் முகப்புல ஒரு ஆர்ச்சு, சுடுகாட்டுக்கு ரோடு. நான் ஜாயின் பண்ணுன புதுசுல இதெல்லாம் எழுதும்போது கொஞ்சம் எரிச்சலாக்கூட இருக்கும், குடிக்க தண்ணி மூணு நாளைக்கு ஒருக்கா வருது, இவுங்க ஆர்ச்சு கேக்குறாங்களேன்னு. ஒரு பெரியவர்கிட்ட கேட்டே புட்டேன். அவரு வெத்தலைய மென்னுக்கிட்டே சொன்னாரு, "கேட்டா கிடைக்கிறதத்தான் தாயி கேக்க முடியும், கிடைக்காததக் கேட்டு வாய் வலிக்கவா."

அவரு சொன்னதுல கணக்கு இருக்கு. எம்.எல்.ஏ தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி நிதி 5 கோடி. அதுல செய்யத் தோதானது எதுன்னா ரெண்டு மூணு மாசத்துல கட்டி முடிக்கிற மாதிரி, ஒரே இடத்துல நிக்கிற மாதிரி, முன்னாடி ஒரு கல்வெட்டு பதிச்சு பேரு போடுற மாதிரி இருக்கணும். லைட்டுக் கம்பம் அதுக்குன்னே அளவெடுத்தது. இதுக்கு மேல தேர்தல் நடத்தை விதி வேற. தேதி அறிவிச்சுட்டாங்கன்னா புது வேலை ஆரம்பிக்கக் கூடாது, அடிக்கல் நாட்டக் கூடாது, ஆனா ஏற்கனவே களத்துல ஆரம்பிச்ச வேலை தொடரலாம். அதனால அறிவிப்புக்கு முந்துன வாரங்கள்ல எங்க பக்கம் பாக்கணுமே, எங்க பாத்தாலும் ஜேசிபி, ஒரு டிப்பர் எம்-சாண்டக் கொட்டி ஒரு குழியத் தோண்டிட்டா அது நடந்துட்டு இருக்குற வேலை ஆயிரும்ல.

2021ல பிப்ரவரி 26 சாயந்திரம் தேதி அறிவிச்சாங்க. அன்னைக்கு காலையில நான் போன ஒரு ஊர்ல ரெண்டு பூமி பூஜை, ஒண்ணு முடிச்சு அதே தேங்காத்தட்டோட அடுத்த தெருவுக்கு ஓடுறாங்க. சரி கிராமத்துலதான் இந்த அவசரம்னு பாத்தா, சட்டசபையிலயும் அன்னைக்குத்தான் வன்னியருக்கான 10.5 சதவீத உள்ஒதுக்கீட்டு மசோதாவ, தேதி அறிவிக்கிறதுக்கு கொஞ்ச நேரம் முன்னாடி நிறைவேத்துனாங்க. அதே வருஷம் நவம்பர்ல மதுரை ஹைகோர்ட் பெஞ்ச் அத ரத்தும் பண்ணிருச்சு. அவசரமா போட்டது எப்புடி நிக்கும்னு எங்க ஓவர்சியர் ஒருத்தர் சொல்லுவாரு, அவரு சொன்னது சிமெண்ட் ரோட்ட.

இன்னொரு விஷயம் எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆச்சு. எங்க பக்கம் ஆம்பளைங்க நிறைய பேரு ஊர்ல இருக்க மாட்டாங்க, ஆந்திரா, கேரளா, வடநாடுன்னு முறுக்கு கம்பெனி, மிட்டாய்க் கடைன்னு போயிருப்பாங்க. மானாவாரிய நம்பி வீட்டுல உக்காந்துருந்தா அடுப்பு எரியாதுல்ல. அவுங்க எல்லாம் மொத்தமா ஊருக்கு வர்றது மாசி சிவராத்திரிக்கு, குலசாமி கும்பிட. சட்டமன்றத் தேர்தலும் பெரும்பாலும் அதை ஒட்டியேதான் வருது. கூட்டம் நல்லா சேருமேன்னு எங்க ஆபீஸும் அப்பத்தான் கூட்டம் போடச் சொல்லும். அப்ப யாரு பேசுவா? வெளியூர்ல நாலு காசு பாத்துட்டு, கார்ல வந்து எறங்குனவங்கதான் முன்னாடி உக்காந்து பேசுவாங்க. அவுங்கள தப்பு சொல்ல மாட்டேன், ஊரு மேல பாசம் இல்லைன்னா ஏன் வரப்போறாங்க, கோயிலுக்கு அள்ளித்தான் குடுக்குறாங்க. ஆனா வருஷத்துல பத்து நாளு ஊர்ல இருக்குறவருக்கு ராத்திரி வந்து எறங்கும்போது லைட்டு வேணும், கார் போக ரோடு வேணும், ஊர் பேரு தெரிய ஆர்ச்சு வேணும். மிச்ச நாளெல்லாம் அங்கேயே கெடக்குற அப்பத்தாவுக்கும் ப்ளஸ் டூ படிக்கிற புள்ளைக்கும் வேணுங்கிறது வேற. அவுங்க மந்தையில வாயத் தொறக்கவே மாட்டாங்க.

அதனால நானா ஒரு பழக்கம் வச்சுக்கிட்டேன். மந்தைக் கூட்டத்த முடிச்சு கையெழுத்து வாங்கிட்டு, வேற ஒரு சாதா நாள்ல தனியா போவேன். தண்ணி வர்ற நேரத்துக்கு குழாயடி, சாயங்காலம் பஸ் ஸ்டாப்பு, நூறு நாள் வேலை நடக்குற கண்மாய்க்கரை. அங்க கேட்டா ஒருத்தர்கூட ஆர்ச்சுன்னு சொல்லல. "சாயங்காலம் அஞ்சரை பஸ்ஸ நிப்பாட்டிட்டாங்க மதினி, புள்ளைங்க ஸ்பெஷல் கிளாஸ் முடிச்சு விலக்குல எறங்கி இருட்டுல நடந்து வருதுங்க." விலக்குன்னா மெயின் ரோட்டுல இருந்து ஊருக்குப் பிரியுற இடம், அங்கருந்து ஊரு வரைக்கும் ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலக் காடு. அந்த பஸ்ஸு நின்னதுக்கு அப்புறம் அந்த ஊர்ல பத்தாவதோட நின்ன பொண்ணுங்கள எனக்கே தெரியும், அதுல ஒண்ணுக்கு கல்யாணமே ஆயிருச்சு. லேடீஸுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லைன்னு 2021 மே மாசம் வந்துச்சு, ரொம்ப நல்ல திட்டம், எங்க பக்கம் பொம்பளைங்க கையில அந்தக் காசு நின்னுச்சு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா பஸ்ஸே திரும்பாத ஊருக்கு டிக்கெட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

நர்சம்மா கதையும் அதேதான். துணை சுகாதார நிலையம் புதுக் கட்டிடம், டைல்ஸ் போட்டு பளபளன்னு இருக்கும், கல்வெட்டுல நாலு பேரு. உள்ள ஆள் இல்ல, பக்கத்து ஊர் நர்சம்மாதான் இன்சார்ஜ், வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் வந்து தடுப்பூசி போட்டுட்டு ஓடுவாங்க, பாவம் அவுங்கதான் என்ன பண்ணுவாங்க. தண்ணி டேங்கும் அப்படித்தான், டேங்கு நிக்கும், குழாய் வீட்டு வாசல் வரைக்கும் வந்து நீலக்கலர்ல நிக்கும், டேங்க் ஆபரேட்டருக்கு சம்பளம் வாயில சொல்ற மாதிரி இருக்காது, அதனால அவரு காலையில மோட்டாரப் போட்டுட்டு வேற வேலைக்குப் போயிருவாரு.

இதுக்கெல்லாம் மேல கண்மாய். இதப் பத்தி கொஞ்சம் விவரமாவே சொல்லணும். அந்தப் பக்கத்து ஊர்ல எல்லாம் கண்மாய் இருக்கும், நூறு நாள் வேலையில உள்ள மண்ணள்ளியிருப்பாங்க, 2017ல கண்மாயச் சீர்பண்ற குடிமராமத்துத் திட்டம் வந்தப்ப கரையும் கட்டுனாங்க. ஆனா மழை பேஞ்சா தண்ணி வராது, ஏன்னா வரத்துக் கால்வாய் செத்துப் போச்சு. அந்தக் கால்வாய் மலையடிவாரத்துல கிளம்பி மூணு நாலு பஞ்சாயத்தத் தாண்டி வரணும், நடுவுல ஒருத்தர் தென்னை வச்சிருப்பாரு, இன்னொருத்தர் வேலி போட்டுருப்பாரு, ரோடு போட்டவங்க பாலத்தோட குழாய கால்வாய் மட்டத்துக்கு ரெண்டடி மேல வச்சிருப்பாங்க. இத சரி பண்ண யாருகிட்ட போகணும்னு கேட்டுப் பாருங்க. ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், 40 ஹெக்டேருக்கு மேல இருந்தா கண்மாய் நீர்வளத்துறை, முன்னாடி பொதுப்பணித்துறையில இருந்தது, அதுக்குக் கீழன்னா யூனியன். கால்வாய் போற பாதைய அளக்கணும்னா தாசில்தார் ஆபீஸ் சர்வேயர். பாலத்துக்கு நெடுஞ்சாலைத் துறை. கிராமசபையில தீர்மானம் போடலாம்னா, ஒரு பஞ்சாயத்து தீர்மானம் அடுத்த பஞ்சாயத்து எல்லைக்குள்ள செல்லாது. ஆக ஒவ்வொரு ஊர்ப் பட்டியல்லயும் எங்க கண்மாயத் தூர்வாருங்கன்னு மட்டும்தான் வரும், தண்ணி வர்ற வழி எந்த ஊர்ப் பட்டியல்லயும் இருக்காது.

பெரிய அளவுல இதே கூத்துதான், வைகைத் தண்ணிய எங்க பக்கம் கொண்டு வர்ற 58 கிராம கால்வாய். மேடைக்கு மேடை பேசி, எத்தனையோ எலக்‌ஷன்ல ஓட்டு வாங்கிக் குடுத்து, ஒருவழியா தொட்டிப் பாலமெல்லாம் கட்டி 2018ல சோதனைக்கு தண்ணி விட்டாங்க. அன்னைக்கு எங்க ஆளுங்க கால்வாய்க்கரையில பொங்கல் வச்சத மறக்க முடியாது. ஆனா வைகை டேம் மொத்தமே 71 அடி, 67 அடிக்கு மேல ஏறுனாதான் அந்தக் கால்வாய்க்குத் திறக்குற பேச்சே வரும். ஏறுனாலும் தானா திறக்க மாட்டாங்க, கேக்கணும், அரசாணை வரணும், உசிலம்பட்டியில கடையடைச்சு ரோட்டுல உக்காந்தும் இருக்காங்க. கட்டுனவங்க பேரு கல்லுல இருக்கு. வருஷா வருஷம் திறந்து விடுறதுக்கு யாரு பேரப் போடுறது?

ஒருக்கா பட்டியல ஒரு கட்சி ஒன்றியப் பொறுப்பாளர்கிட்ட குடுத்தேன். நல்ல மனுசன், டீ எல்லாம் வாங்கிக் குடுத்து பொறுமையா படிச்சாரு. படிச்சுட்டு, "எல்லாம் நியாயந்தாம்மா, இதுல கல்லு வைக்கிற மாதிரி என்ன இருக்கு, அத மட்டும் தனியா குறிச்சுக் குடேன்"னாரு. ஒளிவு மறைவில்லாம கேட்டாரேன்னு எனக்கு அவரு மேல கோவமே வரல.

மந்தையில பேசாதவங்கன்னு சொன்னேன்ல, அதுல எஸ்.சி தெருக்காரங்களயும் சேத்துத்தான் சொல்றேன், அது வெறும் கூச்சம் இல்ல. இதே பக்கத்துலதான பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்துல தலைவர் பதவி ரிசர்வ் ஆனதுக்காக 1996ல இருந்து பத்து வருஷம் ஒழுங்கா தேர்தல் நடத்த விடாம இருந்துச்சு. 2006ல உதயச்சந்திரன் கலெக்டரா இருந்தப்பதான் முறையா நடந்துச்சு. 2021 அக்டோபர் 2 கிராமசபைக்கு அப்ப முதல்வரா இருந்த ஸ்டாலினே பாப்பாபட்டிக்கு வந்தாரு. நிறைய மாறியிருக்கு, இல்லைன்னு சொல்லல. ஆனா இன்னைக்கும் சுடுகாட்டுக்கு ரோடுன்னு பட்டியல்ல ஒரு வரி இருந்தா அது எந்தத் தெரு சுடுகாடுன்னு நான் கேட்டுக்குவேன். கேக்காம எழுதுனா எந்த சுடுகாட்டுக்கு ரோடு போகும்னு உங்களுக்கே தெரியும்.

அப்புறம் பட்டியல ரெண்டு பக்கமா மாத்துனேன். முதல் பக்கம் கட்டிடம், மந்தையில சொன்னது அப்படியே. ரெண்டாவது பக்கம் ஓட வேண்டியது, அதாவது எந்த பஸ்ஸு எத்தன மணிக்கு, எந்த ஊர்ல எந்தப் பணியிடம் காலி, கள்ளர் சீரமைப்புத் துறை நடத்துற அரசு ஸ்கூல்ல எந்தப் பாடத்துக்கு டீச்சர் இல்ல, எந்தக் கால்வாய் எந்த சர்வே நம்பர்ல அடைஞ்சிருக்கு, அதுக்கு எந்த ஆபீஸு பொறுப்பு. வேட்பாளருங்க முதல் பக்கத்தோட நிறுத்திக்கிட்டாங்க. ஆனா ரெண்டாவது பக்கத்த ஜெராக்ஸ் எடுத்து குழாயடிப் பொம்பளைங்ககிட்ட குடுத்தேன் பாருங்க, அது வேலை செஞ்சுச்சு. ஓட்டு கேக்க ஜீப் வந்தா "அஞ்சரை பஸ்ஸு என்னாச்சு"ன்னு ஒரே கேள்வி. மூணு கட்சிக்காரங்களுக்கும் அதே கேள்வி. எலக்‌ஷன் முடிஞ்சு ஸ்கூல் தொறந்தப்புறம் அந்த பஸ்ஸு திரும்ப வந்துச்சு, கல்லும் இல்ல, மாலையும் இல்ல. கால்வாய் இன்னைக்கும் அப்படியேதான் கெடக்கு.

இப்ப 2026 சட்டமன்றத் தேர்தல். இந்தத் தடவை நிலைமை இன்னும் மோசம், ஏன்னா 2019 டிசம்பர்ல ஜெயிச்ச பஞ்சாயத்துத் தலைவருங்க காலம் 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சுருச்சு, அதுலருந்து தனி அலுவலருங்கதான். முன்னாடி லைட்டு எரியலைன்னா தலைவர் வீட்டு வாசல்ல போயி சத்தம் போடலாம், இப்ப யூனியன் ஆபீஸுக்கு பஸ் ஏறணும். அதனால தெருவிளக்கு, குழாய் ரிப்பேர்னு பஞ்சாயத்து பாக்க வேண்டியதெல்லாம் எம்.எல்.ஏ பட்டியல்ல வந்து ஏறிரும், கால்வாய் இன்னும் கீழ போயிரும்.

அங்க இன்னும் வேலை பாக்குற என் ஃப்ரெண்டு போன வாரம் பழைய ஃபார்மட்டக் கேட்டு ஃபோன் பண்ணுனா. ரெண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பி விட்டுட்டு, சிவராத்திரி கூட்டமெல்லாம் கலைஞ்சு ஒரு வாரம் கழிச்சுப் போடி, சாயங்காலம் விலக்குல நின்னு கேளுடின்னேன். ஆனா மந்தையில கூட்டம் போட்டு பேனரோட ஃபோட்டோ எடுத்தாதான் ரிப்போர்ட்டுக்கு ஆகும்னு ஆபீஸ்ல சொல்றாங்களாம். ஃபோட்டோவுக்கு ஒருக்கா போ, பட்டியலுக்கு இன்னொருக்கா போன்னு சொல்லிருக்கேன், பெட்ரோலுக்கு ரெண்டு தடவை பில் போட விடுவாங்களான்னுதான் தெரியல.