மாஸ்டர் பிளான் வரைவு வந்தால் வேலூர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும்?

ஒரு பக்கம் பாலாறு, மறுபக்கம் மலைகள். இடையில் நீளவாக்கில் கிடக்கும் நிலத்தில்தான் வேலூர் பரவ முடியும். ஆற்றைத் தாண்டினால் காட்பாடி. இப்படி இடம் குறுகிய ஊரில் இனி வீடுகள் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதை மாஸ்டர் பிளான்தான் முடிவு செய்கிறது. அது உறுதியாகும் முன் பொதுமக்கள் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்று 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்கிறது. அந்த வாய்ப்பு வீணாகக் கூடாது.

முதலில் கணக்கு. ஊரின் மக்கள்தொகை இன்னும் ஒரு லட்சம் கூடும் என்று வையுங்கள். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 25,000 வீடு. ஒவ்வொன்றுக்கும் 1,200 சதுர அடி மனை கொடுத்தால் மனைக்கு மட்டும் சுமார் 690 ஏக்கர். மொத்த நிலத்தில் சாலை, பூங்காவுக்கு நாற்பது சதவீதம் விட்டால் ஏறக்குறைய 1,150 ஏக்கர். ஒரே மனையில் கீழும் மேலுமாக இரண்டு குடும்பம் இருந்தால் இதில் பாதி போதும். அதனால் எந்தத் தெருவில் மாடி எழுப்ப இடமுண்டு, எங்கே சாக்கடையும் தண்ணீரும் தாங்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்தக் கணக்கில் எளிதாக விடுபடுகிறவர்கள் வாடகைக்காரர்கள். கடைசியாக முடிந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-இல் நடந்தது. சி.எம்.சி.க்கு வரும் நோயாளிகளோடு வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் எந்த வார்டின் மக்கள்தொகையிலும் வரமாட்டார்கள். வி.ஐ.டி. பக்கம் வீடெடுத்துத் தங்கும் மாணவர்களின் தேவை வேறு மாதிரி. உங்கள் தெருவில் எத்தனை வீடு, அதில் எத்தனை வாடகை, எத்தனை பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணி எழுதிக் கொடுத்தால் அது அதிகாரிகளிடம் இல்லாத தகவல்.

அடுத்தது தண்ணீர். கழிஞ்சூர் ஏரி, தாராபடவேடு ஏரி, ஓட்டேரி ஆகியவற்றின் வரத்துக் கால்வாய்கள் வரைபடத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஏரியைக் காட்டிவிட்டுக் கால்வாயை விட்டுவிட்டால் அதன் மேல் மனை விழும். நிக்கல்சன் கால்வாய் நிரம்பினால் கன்சால்பேட்டை படும் பாட்டை ஊரே அறியும். பாலாற்றில் 2021 நவம்பரில் வெள்ளம் எதுவரை ஏறியது என்பதைப் புகைப்படத்தோடு கொடுங்கள்.

இனி மனு. நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 26-இன்படி ஆட்சேபணைக்கு இரண்டு மாதமாவது தர வேண்டும். அந்தக் கெடு அரசிதழில் அறிவிப்பு வந்த தேதியிலிருந்து ஓடத் தொடங்கும். நாளிதழில் பார்த்த நாளிலிருந்து எண்ணினால் தவறும். வரைவுப் பிரதி எங்கே பார்வைக்கு இருக்கிறது என்பது அறிவிப்பிலேயே இருக்கும்.

"எங்கள் பகுதிக்கு நல்லது செய்யுங்கள்" என்று நூறு பேர் கையெழுத்திட்டுக் கொடுக்கும் மனுவை வைத்து யாராலும் வரைபடத்தைத் திருத்த முடியாது. கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், உட்பிரிவு, வரைவில் காட்டியிருக்கும் நிலப் பயன்பாடு, இப்போது அங்கே உண்மையில் இருப்பது, நீங்கள் கேட்கும் மாற்றம், காரணம்: இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கும். புலப்படத்தையும் (உங்கள் சர்வே நம்பரின் அளவு வரைபடம்) பட்டா நகலையும் இணையுங்கள். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை போதும். ஐந்தைக் கலந்தால் நான்கு காணாமல் போகும்.

பலர் விடுவது ஒரு வரி: "என்னை நேரில் விசாரிக்கக் கோருகிறேன்." நேரில் கேட்கும்படி கோரியவர்களுக்குத்தான் சட்டம் அந்த வாய்ப்பைத் தருகிறது. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிறகு மனு என்னவாயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அரசு ஒப்புதல் தந்த பிறகு ஒரு சர்வே நம்பரின் பயன்பாட்டை மாற்றுவது தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், நீண்ட அலைச்சல். உங்கள் நிலத்தைச் சாலைக்கோ பூங்காவுக்கோ ஒதுக்கியிருந்தால் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 38-ஐயும் படித்து வையுங்கள்: அறிவிப்பு அரசிதழில் வந்து மூன்று ஆண்டுக்குள் நிலத்தைக் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வராமல், உடன்பாட்டின் பேரில் வாங்கவும் இல்லையென்றால் அந்த ஒதுக்கீடு விலகியதாகவே கருதப்படும்.