மைனஸ் 40-இல் மின்சாரக் கார்: எட்மன்டன் நாட்குறிப்பு

2024 ஜனவரி 10, புதன்

சனிக்கிழமை காலை மைனஸ் 40-ஐத் தாண்டும் என்று வானிலை அறிவிப்பு சொல்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் எட்மன்டனில் இது எங்களுக்கு ஆறாவது குளிர்காலம், மின்சாரக் காரோடு முதல் குளிர்காலம். டிசம்பரில் பனியே சரியாக விழவில்லை, கார் கோடையில் ஓடியது போலவே ஓடிக்கொண்டிருந்தது, அதனால் உண்மையான சோதனை இந்த வாரம்தான்.

திங்கட்கிழமை பொங்கல். ஞாயிறு காலை கிளம்பி கால்கரியில் அக்கா வீட்டுக்குப் போவதாகத் திட்டம். 300 கிலோமீட்டர், பாதி வழியில் ரெட் டீர். அத்தான் இன்று போனில், "பெட்ரோல் வண்டி ஏதாவது வாடகைக்கு எடுத்துட்டு வா மாப்ளே" என்றார். பார்க்கலாம் என்றேன். இந்த வாரம் என்ன நடக்கிறது என்று தினமும் எழுதி வைக்கப் போகிறேன், அடுத்த வருடம் எனக்கே தேவைப்படும்.

ஜனவரி 11, வியாழன்

காலையில் கார் காட்டியது மைனஸ் 34. அலுவலக வாகன நிறுத்தத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பிளக் உண்டு. மின்சாரக் காருக்காக வைத்ததில்லை, பெட்ரோல் வண்டிகளின் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கும் பிளாக் ஹீட்டருக்காகப் பல காலமாக இருப்பது. 120 வோல்ட், 12 ஆம்பியர், கணக்குப் போட்டால் 1.4 கிலோவாட். நவம்பரில் அதில் எட்டு மணி நேரம் போட்டு வைத்தால் 12 சதவீதம் ஏறும். இன்று அதே எட்டு மணி நேரத்தில் ஏறியது 2 சதவீதம்.

பிளக்கில் கோளாறு இல்லை. உறைந்த பேட்டரிக்குள் மின்சாரத்தை அப்படியே தள்ள முடியாது. சார்ஜ் ஏற லித்தியம் அயனிகள் பேட்டரியின் ஒரு முனையில் இருக்கும் கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டும், குளிரில் அது மெதுவாகத்தான் நடக்கும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். அந்தச் சேதம் திரும்பாது. அதனால் கார் முதலில் பேட்டரியைச் சூடாக்கப் பார்க்கும், மிச்சம் இருந்தால்தான் சார்ஜ். மைனஸ் 34-இல் 1.4 கிலோவாட்டில் மிச்சம் என்ன இருக்கும்? ஆனால் இதை வீண் என்று நான் சொல்ல மாட்டேன். மாலையில் ஏறி உட்கார்ந்தபோது பேட்டரி சூடாக இருந்தது, கிளம்பியதும் கார் இயல்பாக ஓடியது. பிளக் இல்லாமல் எட்டு மணி நேரம் நின்றிருந்தால் திரும்பி வரும்போதே அந்தச் சூட்டுக்கு 6, 7 சதவீதம் கொடுத்திருப்பேன்.

ஜனவரி 12, வெள்ளி

மைனஸ் 38. கதவின் கைப்பிடி உடம்போடு ஒட்டிப் படுத்திருக்கும் வகை, அதன் மேல் பனி இறுகிவிட்டது. உள்ளங்கையால் இரண்டு முறை தட்டிய பிறகு வெளியே வந்தது. சார்ஜ் போடும் மூடிக்கும் அதே கதை. இன்று முதல் கையோடு ஒரு பழைய துண்டு வைத்திருக்கிறேன், பிளக் மாட்டியதும் அதைச் சுற்றிப் போர்த்திவிட்டால் உள்ளே பனி புகாது.

இரவெல்லாம் நின்ற டயர்கள் தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிவிடுகின்றன. முதல் இரண்டு கிலோமீட்டர் கட்டை வண்டியில் போவது போல தடக் தடக் என்று குலுங்கிக்கொண்டே போகிறது. இது எல்லா வண்டிக்கும் பொது. மின்சாரக் காருக்கே உரிய விஷயம் வேறு: ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வேகம் தானாகக் குறைந்து அந்த ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புமே, குளிர்ந்த பேட்டரி அதை வாங்கிக்கொள்ளாது. காலை எடுக்கிறேன், கார் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. பழக்கத்தில் பிரேக் பக்கம் கால் போகவே தாமதமாகும், அதுவும் பனிக்கட்டி பூசிய சந்திப்பில். புதிதாக வாங்கியவர்களிடம் நான் முதலில் சொல்லப் போவது இதைத்தான், சார்ஜ் கணக்கையெல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டுக்காரரின் பிக்கப் டிரக் இன்று கிளம்பவில்லை, ராத்திரி பிளாக் ஹீட்டர் மாட்ட மறந்துவிட்டாராம். அவரை வேலைக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். இவ்வளவு சீக்கிரம் வெப்பக்காற்று வருகிறதே என்று வியந்தார். எஞ்சின் சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு நிமிடத்தில் வந்துவிடும். அதற்குச் செலவும் இருக்கிறது. மைனஸ் 20-க்குக் கீழே போனால், வெளிக்காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தரும் ஹீட் பம்ப் பெரிதாக உதவாது, மின் அடுப்புக் கம்பி போல நேரடியாகக் காய்ச்சித்தான் சூடு தர வேண்டும், 5, 6 கிலோவாட் அதற்கே போகிறது. கோடையில் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் எடுத்த கார் இன்று ஊருக்குள் 48 எடுத்தது.

ஜனவரி 13, சனி

இரவு 12:40. தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

காலையில் விமான நிலையத்தில் மைனஸ் 45.9. மதியம் மனைவியை மருத்துவமனையில் விட்டேன் (3 மணி முதல் 11:15 வரை ஷிஃப்ட், நர்ஸ்), அங்கிருந்து மகளைத் தமிழ் வகுப்புக்குக் கூட்டிப்போனேன். வகுப்பு முடியும்வரை இரண்டு மணி நேரம் கார் வெட்டவெளியில் நின்றது. காலையில் 80 சதவீதமாக இருந்தது, வீட்டுக்கு வந்து பிளக் மாட்டும்போது 31. கராஜில் 240 வோல்ட் இணைப்பு, 7.7 கிலோவாட் தரும், இரவு மனைவியைக் கூட்டி வருவதற்குள் தாராளமாக ஏறிவிடும் என்று நினைத்தேன்.

6:44-க்கு போன் அலறியது. மனைவியின் பழைய போன் சமையலறையில் இருந்தது, அதுவும் சேர்ந்து அலறியது. மகள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆல்பர்ட்டா அரசின் அவசர எச்சரிக்கை: மின்சாரம் போதவில்லை, சுழற்சி முறையில் மின்வெட்டு வரலாம், தேவையில்லாத விளக்குகளை அணையுங்கள், அடுப்புக்குப் பதில் மைக்ரோவேவில் சமையுங்கள், மின்சாரக் கார் சார்ஜ் போடுவதையும் பிளாக் ஹீட்டர் மாட்டுவதையும் தள்ளிப்போடுங்கள்.

மின்வெட்டு எனக்குப் புதிதில்லை, அம்பாசமுத்திரத்தில் அதோடுதான் வளர்ந்தேன். அங்கே கரண்ட் போனால் வாசலில் வந்து உட்காருவோம். இங்கே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் எரிவது எரிவாயுவில் என்றாலும் அதன் விசிறியைச் சுற்ற மின்சாரம் வேண்டும். இந்தக் குளிரில் சில மணி நேரம் நின்றால் வீட்டுக் குழாய்கள் உறைந்து வெடிக்கும். எதிர் வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய அம்மா ஒருவர் தனியாக இருக்கிறார்.

ஆனால் காரில் 35 சதவீதம்தான் ஏறியிருந்தது. மருத்துவமனை போய்வர 28 கிலோமீட்டர், இன்றைய கணக்கில் 20 சதவீதம் வேண்டும். வீட்டில் வேறு ஆள் இல்லை, ஏழு வயது மகளையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். வழியில் எங்காவது விபத்தால் சாலை அடைபட்டு நின்றால்? போதும் என்று கணக்கு சொல்கிறது, பிள்ளையைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அந்தக் கணக்கை நம்புவதற்கு மனசு வரவில்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றேன். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறக் கதவைத் திறந்தேன்.

கராஜுக்கு இருபது அடி தூரம்கூட இல்லை. முதல் மூச்சிலேயே மூக்குக்குள் இருக்கும் முடி விறைத்து ஊசியாகக் குத்தியது. பூட்ஸுக்கு அடியில் பனி மிதிபட்டு தெர்மகோலைத் தேய்ப்பது போலக் கிறீச்சிட்டது. உள்ளே சார்ஜரின் பச்சை விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. பிளக்கை உருவினேன். கேபிள் சுருட்டிக்கொள்ளவில்லை, காய்ந்த பனைமட்டை மாதிரி விறைத்து நின்றது, அப்படியே சுவரில் சாய்த்து வைத்தேன். மனைவிக்கு விஷயத்தைச் செய்தியில் அனுப்பினேன். "சரி, எடுத்தது நல்லதுதான். வரும்போது பாப்பாவுக்கு ரெண்டு போர்வை எடுத்துக்கோங்க" என்று பதில் வந்தது.

விளக்குகளை அணைத்துவிட்டு நானும் மகளும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெருவில் ஒவ்வொரு வீடாக இருட்டிக்கொண்டே வந்தது. வாசல் விளக்குகள், கிறிஸ்துமஸுக்குப் போட்டு இன்னும் எடுக்காத சர விளக்குகள், எல்லாம். அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இந்த ஊர் மேல் இதுவரை இல்லாத ஒரு நெருக்கம் வந்தது.

மின்வெட்டு வரவில்லை. ஒன்பது மணிக்கு முன்பே நெருக்கடி முடிந்தது என்று அறிவிப்பு வந்ததும் மறுபடி பிளக் மாட்டி, செயலியில் கிளம்பும் நேரம் 10:25 என்று கொடுத்தேன். அந்த நேரத்துக்குள் பேட்டரியும் உள்ளறையும் வீட்டு மின்சாரத்திலேயே சூடாகிவிடும். கிளம்பும்போது 44 சதவீதம், திரும்பி வந்தபோது 27. வெதுவெதுப்பாகக் கிளம்பியதால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே செலவானது. மகள் போர்வைக்குள் தூங்கிவிட்டாள்.

ஜனவரி 14, ஞாயிறு

எச்சரிக்கை வந்தவுடனேயே மாகாணம் முழுவதும் மின்சாரத் தேவை 150 மெகாவாட் குறைந்து, சில நிமிடங்களில் அது 200 ஆனதாம். பக்கத்து சஸ்காச்சுவான் மாகாணம் 153 மெகாவாட் அனுப்பியிருக்கிறது. வியாழனன்றே தேவை 12,384 மெகாவாட் என்ற புது உச்சத்தைத் தொட்டிருந்தது. இந்த மாதிரிக் கடுங்குளிரில் காற்றும் அசைவதில்லை, காற்றாலைகள் நின்றுவிடும். சூரியனோ ஐந்து மணிக்கு முன்பே போய்விடுகிறது.

மின்சாரக் கார்களால்தான் இந்த நிலைமை என்று இன்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். எனக்கு அது வருத்தமாக இருந்தது. ஃபர்னஸ் விசிறி, ஹீட்டர், பிளாக் ஹீட்டர், சமையல் எல்லாம் ஒரே சாயங்காலத்தில் சேர்ந்து வந்த சுமை அது, இந்த மாகாணத்தில் ஓடும் வண்டிகளில் மின்சாரக் கார் மிகச் சொற்பம். ஆனாலும் மாலை 5 முதல் 9 வரை இனி நான் சார்ஜ் போடப் போவதில்லை. நள்ளிரவுக்கு மேல் போட்டால் எனக்கு எந்த இழப்பும் இல்லை.

கால்கரி பயணத்தை ரத்து செய்துவிட்டோம். கார் போய்ச் சேரும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நெடுஞ்சாலையில் ஏதாவது ஆனால் காத்திருக்கக்கூடிய குளிர் இல்லை இது. பெட்ரோல் வண்டியாக இருந்தாலும் இதே முடிவுதான் எடுத்திருப்பேன். அக்காவுக்கு ஏமாற்றம். "கரும்பு வாங்கி வெச்சிருக்கேன்டா, எப்ப வந்தாலும் இருக்கும்" என்றாள்.

ஜனவரி 15, திங்கள்

வீட்டிலேயே பொங்கல் வைத்தோம். மனைவி இரவு ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டதால் காலையில் எல்லோரும் இருந்தோம். பொங்கும் நேரத்தில் அக்காவை வீடியோவில் கூப்பிட்டோம், இரண்டு வீட்டிலும் சேர்ந்து குலவை போட்டார்கள். இன்றும் மின்தொகுப்புக்கு எச்சரிக்கை, தொடர்ந்து நான்காவது நாள். கார் கராஜிலேயே இருந்தது.

ஜனவரி 20, சனி

ஒரு வழியாக கால்கரி. கிளம்பும்போது மைனஸ் 14, முந்தின வாரத்துக்குப் பிறகு இது வசந்தகாலம் போல இருக்கிறது. நூறு சதவீதத்தோடு, பேட்டரியைச் சூடாக்கிக்கொண்டு கிளம்பினோம். மணிக்கு 105-க்கு மேல் போகவில்லை, 100 கிலோமீட்டருக்கு 27 யூனிட். ரெட் டீரில் 45 சதவீதம் மிச்சம். சார்ஜரை முன்பே வழிகாட்டியில் போட்டுவிட்டால் பேட்டரியைத் தானாகவே தயார் செய்துகொண்டு போகும், மாட்டிய உடனே 140 கிலோவாட்டுக்கு ஏறியது, காபி குடித்துவிட்டு வருவதற்குள் 80 சதவீதம்.

பக்கத்தில் நின்ற காரில் ஒரு பையன், கல்லூரி வயது இருக்கும், அவனுக்கு 31 கிலோவாட்தான் ஏறிக்கொண்டிருந்தது. சார்ஜர் கெட்டுவிட்டது என்று வேறு இடத்துக்கு மாற்றப் போனான். கிட்டே போய், பேட்டரி குளிர்ந்திருக்கிறது, இடத்தை மாற்றாதே, பத்து நிமிடம் இங்கேயே விடு, தானாக ஏறும் என்றேன். நாங்கள் கிளம்பும்போது 68-ஐத் தொட்டிருந்தது, கண்ணாடியை இறக்கிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அக்கா கரும்பை பால்கனியில் வைத்திருந்தாள். வெட்டக் கத்தியே இறங்கவில்லை, கல்லாகிவிட்டது. இப்போது சமையலறையில் ஃபர்னஸ் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறோம், மகள் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள்.