கருங்கல் பஸ் எப்பம் வரும்?

மார்த்தாண்டம் பக்கம், தேனைப் பாட்டிலில் அடைக்கும் ஒரு சிறிய இடத்தில் எங்கள் மாணவன் ஒருவனைப் பயிற்சிக்கு விட்டிருந்தோம். வயது 19, ஆட்டிசம் உண்டு. கழுவிய பாட்டிலைத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, லேபிள் ஒட்ட வேண்டும். ஈரம் இருந்தால் தேன் புளித்துவிடும் என்று ஒருமுறை சொன்னதுதான். அப்புறம் ஈரப் பாட்டில் ஒன்றுகூட அவன் கையைத் தாண்டியதில்லை. வேலையில் குறையே கிடையாது. கேள்விதான்.

"டீச்சர், கருங்கல் பஸ் எப்பம் வரும்?"

பஸ் 4.15க்கு. கேள்வி காலை 9.30க்கே தொடங்கிவிடும். சொன்ன மறுநிமிடம் மறுபடியும் கேட்பான். அங்கிருந்த அக்காமார் முதலில் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். மூன்றாம் நாள் முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, "பையன் நல்ல பையன்தான் டீச்சர், ஆனா..." என்று இழுத்தார்.

1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அதுவும் உண்டு. நல்லதுதான். ஆனால் இந்த "ஆனா"வுக்கு எந்தச் சான்றிதழும் உதவாது.

நான் முதலில் செய்தது மடத்தனம். ஐந்து அட்டைகளைக் கொடுத்து, ஒரு கேள்விக்கு ஒன்று, தீர்ந்தால் கேட்கக் கூடாது என்றேன். 10.30க்குள் ஐந்தும் தீர்ந்தன. சொன்னபடியே அவன் கேட்கவில்லை. கையைக் கடித்துக்கொண்டான். அன்று ஒட்டிய லேபிள் எல்லாம் கோணல்.

மறுநாள் ஒரு நோட்டோடு மூலையில் உட்கார்ந்து, எப்போதெல்லாம் கேட்கிறான் என்று மட்டும் குறித்தேன். தட்டில் லேபிள் தீரும்போது கேட்டான். தெரியாத ஆள் உள்ளே வந்தால் கேட்டான். வானம் இருட்டினால் கேட்டான். கையில் வேலை இருக்கும்போது வாயே திறக்கவில்லை. "நீயே சொல்லு, எப்பம்?" என்றேன். "நாலேகால்" என்று பட்டென்று சொன்னான். ஆக, அவனுக்கு வேண்டியது நேரம் இல்லை. அடுத்து என்ன, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோமா என்பதைத்தான் பஸ்ஸின் பெயரில் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு சீட்டு எழுதிச் சட்டைப் பையில் வைத்தேன்: துடை, ஒட்டு, சாயா, ஒட்டு, சோறு, எண்ணி அடுக்கு, பஸ் 4.15. முடிந்ததைப் பென்சிலால் அடிக்க வேண்டும். லேபிள் தட்டு காலியாகும் முன்பே நிரப்பச் சொன்னேன். அக்காமாரிடம், அவன் கேட்டால் பையைத் தொட்டுக் காட்டுங்கள், போதும் என்றேன். அதுவரை ஒருத்தி நாலேகால் என்பார், இன்னொருத்தி இப்ப வரும் என்பார். "இன்னைக்குப் பஸ் இல்லடே" என்று விளையாட்டுக்குச் சொன்னவரும் உண்டு. அந்த ஒரு விளையாட்டு இருபது கேள்வி கொண்டுவந்தது.

இரண்டு வாரத்தில் நன்றாகக் குறைந்தது. சரி, தப்பித்தோம் என்று இருந்தபோது ஐப்பசி மழை. ஐந்து மணி வரை பஸ் வரவில்லை. சீட்டில் 4.15 என்று இருக்கிறதே! கிழித்துப் போட்டுவிட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எழுதியது நான். அடுத்த சீட்டில் நேரத்தையே எழுதவில்லை. 'எண்ணி அடுக்கியதும் பஸ். வரலேன்னா அம்மைக்குப் போன். அப்புறம் ஆட்டோ' என்று எழுதினேன்.

மாசியில் ரப்பர் தளிர் விட்டதும் தேன் வரத்து தொடங்கியது. தேனீ வளர்ப்பவர்கள் கேனோடு எடை போட வந்து நின்றார்கள். அவன் புதிதாக ஒன்று பிடித்துக்கொண்டான்: "உங்களுக்கு எத்தனை பெட்டி?" வருகிறவர் எல்லாரிடமும் இதே கேள்வி. நான் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன்.

ஒரு பெரியவர் கேனை இறக்கி வைத்துவிட்டு, "இருவத்தெட்டு இருந்துது மக்களே. அதுல ரெண்டு கூட்டம் ஓடிப்போச்சு" என்று தொடங்கினார். எந்தப் பக்கம் பறந்தது, எந்த மரத்தில் போய் அடைந்தது, ஏணி எப்படி எட்டவில்லை என்று சொல்லச் சொல்ல, தராசில் அவர் முறை போயே போய்விட்டது. இவன் லேபிளைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பம் இருவத்தாறு" என்றான்.