ஏழாவது பிள்ளை

இத்தாலியின் பலேர்மோ நகரில் நான் பராமரிக்கிற சிஞ்ஞோரா (இத்தாலிய மொழியில் அம்மையார் என்று அர்த்தம்) 1932இல் பிறந்தவர். அவருடைய படுக்கையறை அலுமாரியில் ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டி இருக்கிறது. பொத்தான்கள், ஒரு ஜெபமாலை, யாரோ ஒரு குழந்தையின் முதல் பல், அவற்றுக்கு அடியில் ஒரு மோதிரம். போன மாதம் தூசி தட்டும்போது அதை எடுத்துப் பார்த்தேன். சாம்பல் நிறம். கையில் வைத்தால் பாரமே இல்லை. உள்பக்கம் எழுத்து வெட்டியிருந்தது: 'ஓரோ அல்லா பாத்ரியா, 18 நவம்பர்'. தாய்நாட்டுக்குப் பொன் என்று அர்த்தம்.

"அம்மாவின் கல்யாண மோதிரம்" என்றார்.

"இரும்பிலா?"

"பொன்னைக் கொடுத்தோம், இரும்பைத் தந்தார்கள்."

1935 ஒக்டோபரில் இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தார். நவம்பர் 18இல் இத்தாலி மீது சர்வதேச சங்கத்தின் பொருளாதாரத் தடை தொடங்கியது. மோதிரத்தில் இருப்பது அந்தத் தேதிதான். சரியாக ஒரு மாதம் கழித்து, டிசம்பர் 18இல், தடையைச் சமாளிக்கப் பொன் வேண்டும் என்று நாடு முழுக்கப் பெண்களிடம் கல்யாண மோதிரம் வாங்கினார்கள். ரோமில் அரசி எலேனாவே முன்வந்து தன்னுடைய மோதிரத்தைக் கொடுத்தார். இத்தாலிய மொழியில் 'ஃபேதே' என்றால் விசுவாசம். கல்யாண மோதிரத்துக்கும் அதே சொல்தான். அந்த நாளுக்கு 'ஃபேதே தினம்' என்றே பெயர் வைத்தார்கள். மோதிரத்தைக் கொடுக்காத பெண்ணுக்கு விசுவாசம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. எங்களில் ஒருத்தியிடம் போய்த் தாலியைக் கழற்றித் தா என்று கேட்பதை நினைத்துப் பார்த்தேன். நெஞ்சு பதறியது.

சிஞ்ஞோராவின் அப்பா தபால் கந்தோரில் எழுதுவினைஞர். கூட வேலை செய்கிறவர்களின் மனைவிமார் எல்லாரும் வரிசையில் நின்றார்கள், அம்மாவும் நின்றார். சிஞ்ஞோராவுக்கு அப்போது மூன்று வயது, நினைவில்லை. மூத்த அக்கா சொல்லித்தான் தெரியும். அன்று வீட்டுக்கு வந்த அம்மா குசினியில் வெகு நேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றாராம்.

பிறகு அவர் சொன்னதுதான் இதை எழுத வைத்தது. "நான் வரிக்காகப் பிறந்தவள்" என்றார்.

1928இல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்க ஊழியருக்கு ஏழு பிள்ளைகள் இருந்தால் வரிவிலக்கு. மற்றவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் வேண்டும். சிஞ்ஞோராவின் வீட்டில் ஏற்கெனவே ஆறு பேர். ஆறாவது பிரசவத்திலேயே அம்மா சாகப் பிழைக்கக் கிடந்தவர். அப்பாவின் சம்பளமோ வாடகைக்கும் ரொட்டிக்குமே காணாது. ஏழாவதாக இவர் பிறந்தபோது அம்மாவுக்கு வயது 42. அப்பா பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போனது முதலில் உறவினர் வீட்டுக்கல்ல, வரிக் கந்தோருக்கு. இதைச் சொல்லும்போது சிஞ்ஞோரா அழவில்லை. விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கட்டிலில் மூன்று பேர், அடுத்ததில் மூன்று பேர், இவர் அம்மாவின் காலடியில்.

ஏன் இத்தனை பிள்ளைகள்? 1927 மே 26இல் முசோலினி ஒரு நீண்ட உரை ஆற்றினார். இத்தாலியர்கள் நான்கு கோடிப் பேர் போதாது, இந்த நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆறு கோடி ஆகவேண்டும் என்றார். அவருக்குப் படை வேண்டும், குடியேற்ற நாடுகளை நிரப்ப ஆள் வேண்டும். கல்யாணம் செய்யாத ஆண்களுக்குத் தனி வரி போட்டார். 1933இலிருந்து டிசம்பர் 24ஐத் தாய் சேய் தினம் ஆக்கி, மாகாணத்துக்கு ஒருவராக அதிகம் பிள்ளை பெற்ற தாய்மாரை ரோமுக்கு அழைத்துப் பாராட்டினார்கள். 1925இல் தொடங்கிய தாய் சேய் நல நிறுவனம் பால் கொடுத்தது, வைத்திய ஆலோசனை கொடுத்தது. அதில் பிழைத்த குழந்தைகள் உண்டு, அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் போதும் என்று நினைத்த தாய்க்கு எந்த வழியும் இல்லை. 1930இன் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பையும் கருத்தடை பற்றிய பிரசாரத்தையும் 'இனத்துக்கு எதிரான குற்றம்' என்ற தலைப்பில் வைத்தது. சிஞ்ஞோராவின் அம்மா மருத்துவிச்சியிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் பயந்தார். கருத்தடை பற்றிய அந்தப் பிரிவு 1971 வரை நீங்கவில்லை. முசோலினி செத்து இருபத்தாறு வருடம் ஆன பிறகும்!

வேலைக்குப் போவதும் அப்படித்தான். 1926இல் உயர்நிலைப் பள்ளிகளில் பெண்கள் இலக்கியமும் வரலாறும் தத்துவமும் கற்பிக்கத் தடை வந்தது. 1938இல் கந்தோர்களில் பத்துக்கு ஒருவருக்கு மேல் பெண்கள் கூடாது என்றார்கள். மூத்த அக்கா தட்டச்சுப் படித்து முடித்த வருடம் அது. போன இடமெல்லாம் 'இடம் இல்லை' என்றார்கள். யுத்தம் வந்து ஆண்களைக் கொண்டுபோன பிறகு அதே கந்தோர் ஒன்றிலிருந்து ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்களாம்.

இவ்வளவு செய்தும் அவர்கள் நினைத்தது நடக்கவில்லை. பிறப்பு விகிதம் குறைந்துகொண்டே போனது. 1951 கணக்கெடுப்பில் இத்தாலியின் மக்கள்தொகை ஏறத்தாழ நாலே முக்கால் கோடி. இதை வாசித்தபோது எனக்குள் ஒரு சந்தோஷம். மேடையில் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, இருட்டில், தங்களுக்குத் தெரிந்த வழியில் எத்தனையோ பெண்கள் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்கள். சிஞ்ஞோராவின் இரண்டு அக்காமாருக்கும் இவ்விரண்டு பிள்ளைகள்தான்.

அம்மா கடைசிவரை அந்த இரும்பு மோதிரத்தைப் போட்டிருந்தாரா என்று கேட்டேன். யுத்தம் முடிந்ததும் கழற்றி வைத்துவிட்டாராம். அப்பா வேறொன்று வாங்கித் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றாராம்.

1946 ஜூன் 2, முடியாட்சியா குடியரசா என்ற வாக்கெடுப்பு. இத்தாலியப் பெண்கள் முதன்முறையாக நாடு முழுவதும் வாக்களித்த தேர்தலும் அதுதான். அம்மாவுக்கு 56 வயது. விடிய எழும்பி, தேவாலயத்துக்குப் போகும் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மூத்த அக்காவோடு போனார். பதினான்கு வயது சிஞ்ஞோரா பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் திரும்பி வந்த அம்மா உடுப்பு மாற்றாமலே குசினியில் உட்கார்ந்து அவரைக்காய் உரிக்கத் தொடங்கினார். அப்பா வாசலில் நின்று, எதற்கு வாக்குப் போட்டாய் என்று கேட்டார்.

"அது ரகசியம்" என்றாராம் அம்மா, தலையை நிமிர்த்தாமலே.