பக்கம் கட்டுகிற வேலை

பி.காம். முடித்து, தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையரும் பாஸ் செய்திருந்த எனக்குத் திருவல்லிக்கேணியில் ஒரு டி.டி.பி. சென்டரில் வேலை கிடைத்தது. ஆசைப்பட்டுப் போன வேலை இல்லை. பேங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டே கைச்செலவுக்குச் சம்பாதிக்கட்டும் என்று வீட்டில் அனுப்பினார்கள். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பில் புக், பள்ளிக்கூட வினாத்தாள் என்று எது வந்தாலும் அடிக்க வேண்டும். எப்போதாவது ஒரு புத்தகம் வரும். புத்தகம் என்றால் மற்ற ஆபரேட்டர்கள் நழுவிவிடுவார்கள். திருத்தம் மேல் திருத்தம் வரும், காசும் சீக்கிரம் வராது. அதனால் அது புதிதாகச் சேர்ந்த என் தலையில் விழுந்தது.

அங்கே ப்ரூஃப் பார்க்க ஒரு பெரியவர் வருவார். ஈய எழுத்துக் காலத்தில் எழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டராக இருந்தவர். ஒருநாள் நான் கொடுத்த பக்கத்தில் ஓர் எழுத்துப் பிழை இல்லை. ஆனாலும் சிவப்புப் பேனாவால் ஒரு வரியைச் சுழித்திருந்தார். “ஏம்மா, வரி ஆரம்பத்துலயே ஒற்று வந்து நிக்குதே, பாக்க நல்லாவா இருக்கு?” என்றார். ‘பார்த்தான்’ என்ற சொல்லை ‘பார்’ என்று மேல் வரியிலும் ‘த்தான்’ என்று கீழ் வரியிலும் வெட்டியிருந்தேன். ‘பார்த்’, ‘தான்’ என்று வெட்டினால் கண் இடறாது. தமிழில் ஹைஃபன் போடாமலே சொல்லை வெட்டிக்கொள்ளலாம், ஆனால் வரியின் முதலில் புள்ளி எழுத்து நிற்கக் கூடாது. பக்கம் கட்டும், அதாவது வரிகளைப் பக்கமாக அடுக்கும் மென்பொருளான பேஜ்மேக்கருக்கு இதெல்லாம் தெரியாது. நாம்தான் வெட்டிக் கொடுக்க வேண்டும்.

அதற்கு அப்புறம் என் கண் மாறிவிட்டது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் விரித்திருக்கும் பேப்பரில்கூட வரி முதலில் ஒற்று நிற்கிறதா என்று பார்ப்பேன். நூலகத்தில் பழைய புத்தகங்களை எடுத்தால் கதையை விட்டுவிட்டு மார்ஜினை அளப்பேன். யாரும் சொல்லவில்லை, இதற்குத் தனியாகக் காசும் இல்லை. பேங்க் பரீட்சைப் புத்தகம் மேசையில் கிடக்க, இரவில் ஒரே பக்கத்தை நாலு விதமாகக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது பிடித்த வேலை என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. நேரத்தை வீணாக்குகிறோம் என்றுதான் நினைத்தேன்.

இந்த வேலையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். அச்சகத்தில் ஒரே தாளில் சேர்த்து அச்சடித்து மடிக்கும் பக்கங்களை ஃபாரம் என்பார்கள்; ஒரு ஃபாரம் என்றால் பெரும்பாலும் 16 பக்கம். நாவல் 179 பக்கத்தில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு ஃபாரத்துக்கு 176 பக்கம்தான். மிச்சம் மூன்று பக்கத்துக்காகக் கூடுதல் பேப்பரா? பதிப்பாளர், “176-ல முடிச்சிடுங்க மேடம்” என்பார். எழுத்தின் அளவை அரைப் பாயின்ட் குறைத்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். படிக்கிறவர் கண்தான் பாடுபடும். நான் அதைச் செய்வதில்லை. பத்திக் கடைசியில் ‘போனாள்.’ என்று ஒரே ஒரு சொல் மட்டும் தனி வரியாகத் தொங்கும் இடங்களைத் தேடுவேன். மேலே இரண்டு சொல்லுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் இறுக்கினால் அந்தச் சொல் மேல் வரிக்கு ஏறிவிடும், ஒரு வரி மிச்சம். இப்படி வரி வரியாகச் சேர்த்து மூன்று பக்கத்தை விழுங்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும், எங்கே எவ்வளவு இறுக்கலாம் என்பதுதான் வேலை. இதைச் செய்யும்போது எனக்குப் பசிகூடத் தெரியாது.

பேப்பர் கவலை இன்று நேற்று வந்ததும் இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சடிக்கத் தொடங்கியபோது ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன. காகிதமோ போதவில்லை. அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்துத்தான் 1715-ல் புதிய ஏற்பாட்டை முடித்தார்கள். பாலாடைக்கட்டி வந்த ஈய உறைகளை உருக்கி வார்த்ததாகச் சொல்வார்கள். இதைப் படித்தபோது என் பதிப்பாளர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

சரி, பிடித்தது தெரிந்தால் போதுமா? பிடித்ததைச் செய், பணம் தானாக வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குப் பிடித்தது இந்தத் தொழிலில் ஒரு மூலைதான். தட்டச்சு செய்வது அலுப்பு. வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்து “இன்னும் கொஞ்சம் டார்க்கா” என்பது அதைவிட அலுப்பு. அந்த மூலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்க வருடக்கணக்கில் ஆயிற்று.

அதற்கு வழி விட்டது, எந்தக் கணினியிலும் ஓர் எழுத்துக்கு ஒரே குறியீடு என்கிற யூனிகோடுதான். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-ல் வந்தது. அதன் பிறகும் தமிழ்ப் புத்தகங்கள் பல வருடம் அதிலேயே ஓடிக்கொண்டிருந்தன. பக்கம் கட்டும் இன்னொரு மென்பொருளான இன்டிசைனில், 2012-ல் வந்த சி.எஸ்.6 பதிப்பில்தான் யூனிகோடு தமிழ் ஒழுங்காக உட்கார்ந்தது. அதிலும் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ என்ற செட்டிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். பலர் அதைப் பார்த்து மிரண்டு பழைய ஃபான்ட்டுக்கே திரும்பினார்கள். நான் மிரளவில்லை. தைரியம் ஒன்றும் இல்லை, எதனால் இப்படி ஆகிறது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை, அதுதான் காரணம். பழைய ஃபான்ட்டில் அடித்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது நடுவில் இருக்கும் ஆங்கிலச் சொற்கள் புரியாத தமிழாகிவிடும். ‘கௌரி’யில் ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’வை வைத்திருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. இதையெல்லாம் சரிசெய்து கொடுக்க ஆள் வேண்டும் என்றபோது என் பெயர் ஒன்றிரண்டு பதிப்பகங்களில் அடிபட்டது. தட்டச்சுக்கு ஒரு ரேட், பக்கம் கட்டத் தனி ரேட் என்று அப்போதுதான் கேட்கத் துணிந்தேன். ஒருவர் சிரித்தார், இன்னொருவர் கொடுத்தார். கொடுத்தவருக்கே தொடர்ந்து செய்தேன். அப்புறம் சென்டரை விட்டுவிட்டு வீட்டில் ஒரு சிஸ்டம் போட்டேன்.

இவ்வளவு எழுத்துப் பைத்தியம் என்றால் ஃபான்ட் டிசைன் செய்யலாமே என்று பலரும் கேட்டார்கள். வகுப்பில் சேர்ந்து பார்த்தேன். ‘ஐ’யின் வளைவை நாள் முழுக்க இழுத்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நாலு இரவு தூங்காமல் பக்கம் கட்டுகிறவளுக்கு அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே வேலை மாதிரி இருக்கும்.

வினாத்தாள் வேலையை இன்னும் விடவில்லை. சென்னைப் புத்தகக் கண்காட்சி ஜனவரியில் என்றால், டிசம்பர் முழுக்கப் புத்தக வேலை குவியும், பணம் பொங்கல் தாண்டித்தான் வரும், சிலரிடமிருந்து சித்திரையில். பள்ளிக்கூடங்கள் ஒரு வாரத்தில் கொடுத்துவிடுகின்றன. அதனால் காலையில் ஏழாம் வகுப்புக் கணக்கு, மதியத்துக்கு மேல் நாவல்.