இர்மா ஸ்டெர்ன் வீட்டில் ஒரு மதியம்

கேப் டவுனுக்குப் போகிறவர்கள் டேபிள் மலையையும் ராபன் தீவையும் விடமாட்டார்கள். ரோஸ்பேங்கில் இருக்கும் 'தி ஃபர்ஸ்' என்ற வீட்டுக்குப் பெரும்பாலும் போனதில்லை. ஓவியர் இர்மா ஸ்டெர்ன் நாற்பது வருஷத்துக்குக் கிட்ட வாழ்ந்த வீடு அது. அவர் 1966-ல் காலமான பிறகு அருங்காட்சியகமாக இருந்தது; நான் போனதும் அப்போதுதான். அதே ஊரில் ரைலண்ட்ஸ் பகுதியில் நான் தங்கியிருந்த வீட்டு ஆன்ட்டியும் கூட வந்தார். டர்பனில் பிறந்த தமிழர் அவர்.

வாசலிலேயே கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரிலிருந்து வந்த செதுக்கு வேலைக் கதவு. உள்ளே அலமாரிக் கதவுகளைக்கூட ஸ்டெர்ன் வரையாமல் விடவில்லை. படங்களுக்குக் கிட்டப் போய்ப் பாருங்கள். சாயம் திட்டுத் திட்டாகப் புடைத்து நிற்கிறது, தூரிகை இழுத்த வரிகூடத் தெரிகிறது. இரண்டடி பின்னால் வந்தால் அதுவே கன்னத்தில் விழுந்த வெயில். எத்தனை நேரம் நின்றாலும் எனக்கு அலுக்கவில்லை.

ஸ்டெர்ன் 1894-ல், இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கும் ட்ரான்ஸ்வாலில், ஜெர்மன் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஜெர்மனியில் படித்துத் திரும்பி, 1922-ல் கேப் டவுனில் முதல் கண்காட்சி வைத்தார். ஊர் சிரித்தது. ஆபாசம் என்று புகார் போய், விசாரிக்கப் போலீஸும் வந்தது. அவர் அசரவில்லை. காங்கோ, சான்சிபார் என்று அலைந்து, தானே எழுதித் தானே படம் போட்டு இரண்டு நூல்களும் கொண்டுவந்தார்.

ஆன்ட்டிக்கு ஒரு குறை. "மூஞ்சிய இவ்வளவு அழகா வரைஞ்சவங்க, பேரைப் போடலியே, கண்ணு!" நியாயம்தான். 1955-ல் வரைந்த ஒரு படத்தின் தலைப்பே 'சீருடையில் வேலைக்காரி'. முகத்தில் அத்தனை கவனம், அந்தப் பெண்ணின் பெயருக்கு மட்டும் இடமில்லை. ஸ்டெர்னை எவ்வளவு கொண்டாடினாலும் இது எனக்கு உறுத்துகிறது.

அவருடைய 'கறுப்பு உடையில் அரபியர்' படத்தின் கதையை ஆன்ட்டிக்குச் சொன்னேன். 1956-ல் நிறவெறி அரசு தேசத்துரோக வழக்கில் மண்டேலா உட்பட 156 பேரைப் பிடித்ததே, அந்த வழக்குச் செலவுக்குப் பணம் திரட்ட ஏலத்தில் விட்ட படங்களில் அதுவும் ஒன்று. வாங்கியவர்கள் குடும்பத்தோடு லண்டன் போய்விட, கடைசியில் ஒரு சமையலறையில் குறிப்புச் சீட்டு குத்திவைக்கும் பலகையாக மாட்டியிருந்தது. அடையாளம் தெரிந்த பிறகு, 2015-ல் 8,42,500 பவுண்டுக்கு விற்றது.

கைதானவர்களில் டர்பன் டாக்டர் மான்ட்டி நாயக்கரும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டதும் ஆன்ட்டி நிமிர்ந்தார். நாயக்கர் பேசும் கூட்டம் ஒன்றையும் ஆன்ட்டியின் அப்பா தவறவிடமாட்டாராம். ஆன்ட்டி நேராக வரவேற்பு மேசைக்குப் போய், "அந்தப் படத்தோட அச்சுப் பிரதி கிடைக்குமா?" என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.