பீக் நகர்ந்தால் காந்தமா, சூடா?

பொருளின் மேல் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் அணுக்களின் அதிர்வுகளைப் படிப்பது ராமன் ஸ்பெக்ட்ரம்; ஒவ்வொரு அதிர்வும் அதில் ஒரு பீக். குளிர்விக்கும்போது பீக் நகர்ந்தால் காரணம் காந்தமா, லேசரின் சூடா என்பதுதான் கேள்வி. இரு உலோகங்கள் மாறிமாறி அமரும் ஆக்சைடுகளான இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டுகளில் லாந்தனம் நிக்கல் மாங்கனேட் கைக்கு அடக்கமான பொருள். 280 கெல்வின் வாக்கிலேயே ஃபெர்ரோகாந்தமாகிவிடும். ஹீலியம் தேடி அலைய வேண்டாம், திரவ நைட்ரஜனால் குளிரும் ஸ்டேஜ் (மாதிரியை வைக்கும் மேடை) போதும். நிக்கலும் மாங்கனீசும் மாறிமாறி அமர்ந்திருக்க, அவற்றைச் சூழ்ந்த ஆறு ஆக்சிஜன்களும் ஒருசேர விரிந்து சுருங்கும் அதிர்வு சுமார் 670 அலையெண்ணில் (செ.மீ⁻¹) பெரிய பீக்காக நிற்கும்.

குளிரக் குளிர அந்த பீக்கின் அலையெண் மேலே ஏற வேண்டும். காந்த ஒழுங்கு வந்ததும் ஏறுவதை விட்டு இறங்கத் தொடங்கும். இறக்கம் ஒருசில அலையெண்தான். ஸ்பின்-போனான் பிணைப்பு (காந்தத்துக்கும் அணு அதிர்வுக்கும் உள்ள தொடர்பு) என்று நாம் எழுதுவதெல்லாம் இந்தச் சிறு இறக்கத்தை நம்பித்தான். இதே அளவு நகர்வை லேசர் சூடும் தரும் என்பதுதான் வம்பு.

மாதிரி கறுப்பு, 532 நானோமீட்டர் ஒளியைக் குடித்துவிடும். சென்சார் 250 கெல்வின் என்று காட்டும்போது, லேசர் விழும் புள்ளி 280-ஐத் தாண்டியிருக்கலாம். வரைபடத்தில் காந்த மாற்றம் 250-க்குக் கீழே போய் நிற்கும். ஒளி ஆற்றல் கூடிச் சிதறும் எதிர்-ஸ்டோக்ஸ் பீக்குக்கும், ஆற்றல் குறைந்து சிதறும் ஸ்டோக்ஸ் பீக்குக்கும் உள்ள விகிதத்தில் வெப்பநிலை கணக்கிடலாம்தான். ஆனால் 300 கெல்வினில் எதிர்-ஸ்டோக்ஸ் பீக் ஸ்டோக்ஸில் இருபதில் ஒரு பங்குக்குப் பக்கம். குறைந்த திறனில் இரைச்சலில் மூழ்கிவிடும். லேசர் ஒளியைத் தடுக்க, ஸ்டோக்ஸ் பக்கத்தை மட்டும் விடும் எட்ஜ் ஃபில்டர் போட்டிருந்தால் அந்தப் பக்கமே தெரியாது. எளிய சோதனையே மேல்: ஸ்டேஜ் வெப்பநிலையை மாற்றாமல் லேசர் திறனைப் பாதியாக்குங்கள். பீக் நகர்ந்தால் சூடு. நகராத வரை குறைத்துக்கொண்டே போங்கள். பெரும்பாலும் 1 மில்லிவாட்டுக்குக் கீழே வந்து நிற்கும். திறனை அப்ஜெக்டிவுக்குக் (மாதிரியின் மேல் லேசரைக் குவிக்கும் லென்ஸ்) கீழே மீட்டர் வைத்து அளக்க வேண்டும், லேசர் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பக் கூடாது. 1928-இல் கொல்கத்தாவில் இந்தச் சிதறலைக் கண்டுபிடித்த சி. வி. ராமனுக்கு வெளிச்சம் போதவில்லை, நமக்கு மிஞ்சுகிறது.

அறையில் ஏசி நின்று ஓடினாலே ஸ்பெக்ட்ரோமீட்டர் கொஞ்சம் நகரும். சிலிக்கானின் 520.5 அலையெண்ணை வைத்துச் சரிபார்க்கலாம், ஆனால் குளிர் ஸ்டேஜில் வைத்த சிலிக்கான் தானும் நகரும். ஒவ்வொரு ஸ்பெக்ட்ரத்தோடும் நியான் விளக்கின் ஒரு கோட்டையும் பதிவது நல்லது. குளிர்விக்கும் முன் ஸ்டேஜுக்குள் உலர் நைட்ரஜன் ஓடவிடாவிட்டால் ஜன்னலில் பனி படியும்.

அடிக்கடி பார்க்கும் தவறு ஃபிட்டிங்கில், அதாவது புள்ளிகளுக்கு வளைகோடு பொருத்துவதில். 80 முதல் 300 கெல்வின் வரை எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து அன்ஹார்மோனிக் வளைகோட்டை (காந்தம் இல்லாமல் வெப்பத்தால் மட்டும் பீக் நகரும் விதம்) பொருத்தினால், காந்த இறக்கத்தை வளைகோடே விழுங்கிவிடும். 500 கெல்வின் வரை சூடாக்கிப் புள்ளிகள் எடுத்து, 350-க்கு மேலுள்ளவற்றில் மட்டும் பொருத்தி, கோட்டைக் குறைந்த வெப்பநிலைக்கு நீட்டி, பீக் அதைவிட எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். குறுந்தொலைவு ஸ்பின் ஒழுங்கு 280-க்கு மேலேயே தலைகாட்டும் என்பதால்தான் இந்த இடைவெளி.

இறக்கம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக, பீக்கும் அகன்று தெரிந்தால், நிக்கலும் மாங்கனீசும் இடம் மாறி அமர்ந்திருக்கலாம். அதே பெல்லட்டிலிருந்து ஒரு துண்டை மேக்னடோமீட்டரில் வையுங்கள்: முழு ஒழுங்கானால் ஒரு வாய்பாட்டு அலகுக்கு (ஒரு நிக்கல், ஒரு மாங்கனீசு) 5 போர் மேக்னட்டான் (அணு அளவில் காந்த வலிமையின் அலகு) பக்கம் வர வேண்டும். மிகவும் குறைந்தால் லேசரைக் குறை சொல்லிப் பயனில்லை, மாதிரியை மறுபடி செய்ய உலைக்குத் திரும்ப வேண்டியதுதான்.